அசைந்தவற்றை நீக்கு

கடைசித் தொங்கு ரயில் போகும்வரை எதுவும் செய்ய முடியாது.
வூப்பர்டாலில், எங்கள் ஃபோவிங்கல் தெருவில்,
அது இரண்டாம் மாடி ஜன்னல்களை உரசுவதுபோல் ஊர்கிறது.
அலமாரியில் தம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.
பின்முற்றத்தில் முக்காலிமேல் நிற்கும் என் தொலைநோக்கியும்
அந்த நடுக்கத்தை வாங்கிக்கொள்கிறது.

நேற்று பதினொன்று நாற்பதுக்கு அடங்கியது.
பதினேழு நாள் மழைக்குப் பிறகு ஒரு வானம்.
வானம் என்றால்,
தெருவிளக்கின் மஞ்சளும் மருந்துக்கடைப் பச்சையும் கலந்து
திரிந்த பால்போல ஒன்று.
எண்ணினேன். பதினோரு மீன்.
நீரில் இருந்தாலும் வானில் இருந்தாலும்
நமக்கு அது மீன்தான். வலைதான் வேறு.

மீன ராசிக்குள் ஒரு சுழல் மண்டலம், எம் எழுபத்து நான்கு.
மூன்று கோடி ஒளியாண்டு.
கண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை.
எத்தனை முறை வைத்தாலும் ஒன்றுமில்லை.

கண் இருந்த இடத்தில் இப்போது கேமரா.
மைனஸ் பத்துக்குக் குளிர வைக்கிறேன்,
சூட்டில் அது தன்னையே வெளிச்சமென்று எண்ணிக்கொள்ளும்.
மூடியைப் போட்டு முப்பது படம், இருட்டை மட்டும்.
எதையும் பார்க்காதபோது அது எதைப் பார்க்கிறது
என்று தெரிந்தால்தான் கழிக்கலாம்.
(இந்தக் கணக்கை என்மீதும் போட்டுப் பார்த்ததுண்டு.
மீதி வரவில்லை.)

பிறகு பதினைந்து நொடிக்கு ஒன்றாக.
முதல் படம், உப்பைக் கொட்டிய கரும்பலகை.
பத்தாவதும் அதே உப்பு.
முப்பதாவதில் நடுவே
விரல் பட்ட கண்ணாடிபோல் ஒரு மங்கல்,
இருக்கிறதா, நான் விரும்புகிறேனா?

அப்போது முற்றத்து விளக்கு பளீரென்று எரிந்தது.
ஆள் அசைந்தால் எரியும் வகை.
காலி பாட்டில்களோடு யூட்டா கால்ட்ஹோஃப்.
“யாரது?”
“நான்தான், நவரஞ்சினி.”
மடிக்கணினியை எட்டிப் பார்த்தாள்.
“திரையில் அழுக்கு” என்று ஸ்வெட்டர் கையால் துடைத்தாள்.
போகவில்லை.
இன்னொரு முறை துடைத்தாள்.
பிறகு ஒன்றும் சொல்லாமல் மேலே போய்,
கால்மணி நேரம் கழித்து ஒற்றைச் சாக்ஸோடு வந்தாள்,
தடித்த சாம்பல் நிறக் கம்பளி.
விளக்கின் உணரிக்கு அதை மாட்டிவிட்டாள்.
“ஜோடி தொலைந்து ரெண்டு வருஷம்” என்றாள்.

பகலில் நான் பல் எக்ஸ்ரே எடுப்பவள்.
ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்கிறேன்: அசையாதீர்கள்.
மென்பொருளிலும் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது,
அசைந்தவற்றை நீக்கு.
டிக் செய்தால் போதும்,
டூசல்டார்ஃபுக்கு இறங்கும் விமானம், செயற்கைக்கோள் கீறல்,
யூட்டாவின் விளக்கு, எல்லாம் போய்விடும்.
நானூறு படத்திலும் ஒரே இடத்தில் இருந்தது மட்டும் நிற்கும்.

இரண்டு மணிக்கு நின்றது.
பேசினில் சோப்பு நுரை வடியும்போது சுழலுமே,
அவ்வளவு மெல்லிய இரண்டு கை.
எழுப்பிக் காட்ட ஆளில்லை, சாக்ஸைப் பார்த்தேன்.

ஏனோ அந்த டிக்கை எடுத்துவிட்டு
மறுபடி ஓட்டினேன்.
மண்டலத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி,
படத்துக்குப் படம் தெரியாது, இருபதுக்கு ஒருமுறை
இம்மி தள்ளி நிற்கிறது.
சிறுகோள். புதிதல்ல, தேடினால் எண் இருக்கிறது,
ஐந்து இலக்கம். பெயர் இல்லை.
பதினாறு ஒளிநிமிடத் தூரம்.
யூட்டா மேலே சாக்ஸ் தேடிக்கொண்டிருந்தபோது
அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இது.
அசைந்ததால் நீக்கியிருந்தேன்.

காலையில் முதல் ஆள், கடைவாய்ப் பல்.
“அசையா...” என்று தொடங்கினேன்.
அவர் தும்மிவிட்டார்.
இரண்டாவது எடுத்தேன். முதலாவதை அழிக்கவில்லை,
வெள்ளையாய் ஒரு வால் இழுத்திருந்தது பல்.

மாடிப்படியில் தாள் ஒட்டியிருக்கிறார்கள்,
முற்றத்து விளக்கு பழுது, ஆள் வருவார் என்று.
யூட்டா படித்துவிட்டுக் கடந்து போனாள். நானும்.
இன்றிரவு பன்னிரண்டு மீனாவது தெரியுமா
என்று பார்க்கப் போனேன்.
மழை.